இஃக்திலாத் முதல் டிமென்ஷியா வரை: முதுமையின் மறதியை அடையாளம் கண்ட வரலாறு



 

2007ஆம் ஆண்டு. கொங்குப் பகுதியில் உள்ள ஒரு மத்ரஸாவில் நான் துணை ஆசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஹஜ்ரத் அவர்களே அங்கு மூத்த உஸ்தாதாக இருந்தார்கள். வயது எழுபதைக் கடந்திருந்தது. ஒருநாள் ஃபஜ்ர் தொழுகையில் இரண்டாவது ரக்அத்தில் அமராமல் மூன்றாவதற்கு எழுந்துவிட்டார்கள். பின்வரிசையிலிருந்து தஸ்பீஹ் சொல்லப்பட்டது. அமர்ந்தார்கள்; ஸஜ்தா ஸஹ்வு செய்து தொழுகையை முடித்தார்கள். இது யாருக்கும் நேரக்கூடியதே. ஆனால் அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. பின்னர் வகுப்பில், முந்தைய நாள் நடத்திய பக்கத்தையே புதுப்பாடம் போல விரித்து வைத்துத் தொடங்கினார்கள். மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தனர். உண்மையைச் சொல்வதானால் நானும் சிரித்தேன். சில மாதங்களில் நிர்வாகத்தாரிடம் புகார் சென்றது. ஹஜ்ரத் ஓய்வில் அனுப்பப்பட்டார்கள். அன்று எல்லோருடைய வாயிலும் இருந்தது ஒரே சொல்: "வயசாயிருச்சு."

எந்த ஊர், எந்த மத்ரஸா என்பது இங்கே தேவையில்லை. இத்தனை ஆண்டுகளாக என்னை உறுத்துவது வேறொன்று. அதே ஆண்டில்தான் நான் மாணவர்களுக்கு உசூலுல் ஹதீஸில் 'முஃக்தலித்' பற்றிய பாடத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். நம்பகமான அறிவிப்பாளர் ஒருவரின் நினைவாற்றல் முதுமையில் குலைந்துவிட்டால் அவருடைய அறிவிப்புகளை என்ன செய்வது என்பதே அந்தப் பாடம். கிதாபில் இருந்ததை எதிரில் அமர்ந்திருந்த மனிதரிடம் நான் காணவில்லை.

ஹதீஸ் கலையின் தேதிக் கணக்கு

ஹிஜ்ரி இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளின் ஹதீஸ் ஆய்வாளர்கள் மருத்துவர்கள் அல்லர். எனினும் முதிய மனம் தடுமாறத் தொடங்கும் கணத்தைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு மார்க்கக் கடமையாயிற்று. ஏனெனில் நபி (ஸல்) அவர்களின் பெயரால் ஒரு சொல் தவறாகச் சேர்ந்துவிட்டால் அது பிற்காலச் சட்டமாகிவிடும். நினைவு கலங்கும் இந்நிலைக்கு 'இஃக்திலாத்' என்று பெயரிட்டார்கள். ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) தமது ஹதீஸ் கலை நூலை அறுபத்தைந்து வகைகளாகப் பிரித்து, அறுபத்திரண்டாவது வகையை இதற்கென்றே ஒதுக்கினார். பிற்காலத்தில் இதற்கெனத் தனி நூல்களும் எழுந்தன.

அவர்கள் கேட்ட கேள்வி, "இவருக்கு மறதி உண்டா?" என்பதன்று, "எப்போது தொடங்கியது?" என்பதே. கூஃபாவின் அதாஉ இப்னுஸ் ஸாயிப் (ரஹ்) முதுமையில் நினைவு கலங்கியவர். சுஃப்யானுஸ் ஸவ்ரீயும் ஷுஅபாவும் அதற்கு முன்பே அவரிடம் கேட்டவர்கள். ஆகவே அவர்கள் வழி வருபவை ஏற்கப்பட்டன. ஷுஅபா பிற்காலத்தில் கேட்ட இரண்டு ஹதீஸ்கள் மட்டும் அதிலிருந்து விலக்கப்பட்டன. இரண்டே இரண்டு என்று எண்ணிச் சொல்லும் அளவுக்கு அந்தக் கணக்கு நுணுக்கமானது. பஸராவின் ஸயீத் இப்னு அபீ அரூபாவின் நிலை மாறிய காலத்தை, ஹிஜ்ரி 145இல் நடந்த இப்ராஹீம் இப்னு அப்தில்லாஹ்வின் எழுச்சியும் தோல்வியுமான நிகழ்ச்சியை அடையாளமாக வைத்துக் குறித்தவர்களும் உண்டு. நாள்காட்டி இல்லாத வீட்டில், ஊரறிந்த நிகழ்ச்சியே நாள்காட்டியாகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; வேலூர்க் கிராமங்களில் இது மீண்டும் வரும்.

சோதனை முறையும் இருந்தது. பிறருடைய ஹதீஸை ஒருவருடைய ஹதீஸோடு கலந்து அவர் முன் வாசித்து, அவர் அதை ஏற்கிறாரா, மறுக்கிறாரா என்று பார்ப்பார்கள். யஹ்யா இப்னு மயீன் (ரஹ்) கூஃபாவில் அபூ நுஐம் (ரஹ்) அவர்களிடம் இப்படிச் செய்த செய்தி பிரபலமானது. அவருடைய முப்பது ஹதீஸ்களை எழுதி, ஒவ்வொரு பத்துக்குப் பிறகும் அவருடையதல்லாத ஒன்றைச் செருகினார். வேண்டாம் என்று உடனிருந்த அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) தடுத்தும் கேட்கவில்லை. செருகிய மூன்றையும் அபூ நுஐம் கண்டுகொண்டார். மூன்றாவதில் முகம் மாறி, இது யாருடைய வேலை என்பதையும் சரியாக ஊகித்து, யஹ்யாவைத் திண்ணையிலிருந்து உதைத்துத் தள்ளினார். உதை வாங்கியவர் மகிழ்ச்சியோடு திரும்பினார். சோதிக்கப்படும் முதியவருக்குக் கோபம் வரும் என்பது இன்றைய மருத்துவருக்கும் தெரிந்த செய்தியே.

என் உள்ளத்தை அதிகம் தொட்டது ஜரீர் இப்னு ஹாஸிம் (ரஹ்) அவர்களின் வீடு. ஹிஜ்ரி 170இல் மறைந்த பஸரா அறிஞர் அவர். அவருடைய பிள்ளைகளும் ஹதீஸ் அறிந்தவர்கள். தந்தையின் மனம் கலங்குவதை உணர்ந்ததும், வெளியார் எவரும் அவரிடம் பாடம் கேட்க முடியாதபடி அவரை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அதனால் கலங்கிய காலத்தில் அவரிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. அவருடைய அறிவிப்புகள் முழுவதும் காப்பாற்றப்பட்டன. இது தந்தையை ஒளித்துவைத்த செயல் என்று சிலர் சொல்லலாம். நான் அப்படிக் கருதவில்லை. அவர்கள் முதலில் கவனித்தார்கள், கவனித்ததை ஒப்புக்கொண்டார்கள், அதன் பிறகே வாசலை மூடினார்கள். நாங்கள் எங்கள் ஹஜ்ரத்துக்கு வாசலை மட்டுமே மூடினோம்.

தள்ளாத வயதும் நோயும்

அறிந்த பின் எதையும் அறியாதவராக ஆகிவிடும் தள்ளாத வயது குறித்துத் திருக்குர்ஆன் இரண்டு இடங்களில் பேசுகிறது (16:70, 22:5). அந்த நிலைக்குத் திருப்பப்படுவதிலிருந்து நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடிய துஆவை நம் பிள்ளைகள்கூட மனனம் செய்திருக்கிறார்கள். எழுதுகோல் உயர்த்தப்பட்ட மூவர் பற்றிய ஹதீஸின் ஓர் அறிவிப்பில், முதுமையால் அறிவு குழம்பியவரும் சேர்த்துச் சொல்லப்பட்டிருப்பதை அபூதாவூத் (ரஹ்) குறிப்பிடுகிறார். ஆக, பொறுப்பு நீங்கும் ஒரு நிலையாக இதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

ஆனால் ஒரு ஹதீஸை நாம் பாதியாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கும் அதில், மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்கிறார்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவுகிறார்கள். முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் இறைவன் மருந்து வைத்துள்ளான் என்றும் சொல்கிறார்கள். நம்மில் பலருக்கு அந்தக் கடைசிப் பகுதி மட்டுமே காதில் விழுகிறது. மறதி முதுமையில் வருகிறது, முதுமைக்கு மருந்தில்லை, எனவே மறதிக்கும் மருந்தில்லை என்று முடித்துவிடுகிறோம். முதுமையில் வரும் நோய் வேறு, முதுமை வேறு. இந்த வேறுபாட்டை நிறுவத்தான் கடந்த நூறு ஆண்டுகளின் ஆராய்ச்சி முழுவதும் செலவாகியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

மருந்து தேடியவர்கள் முன்பும் இருந்தார்கள். பத்தாம் நூற்றாண்டில் கைரவானின் மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார் மறதியையும் அதன் சிகிச்சையையும் பற்றித் தனி நூலே எழுதினார். அக்கால அரபு உலகில் நினைவாற்றலுக்குப் பெயர்பெற்ற சரக்கு 'பலாதுர்' எனப்பட்ட கொட்டை. அது நம் நாட்டுச் சேராங்கொட்டைதான். சலவைத் தொழிலாளர் துணியில் குறியிடப் பயன்படுத்தியது. தோலில் பட்டால் புண்ணாகும். நாடு வென்ற வரலாற்றை எழுதிய பலாதுரீ என்ற பேரறிஞருக்கு அந்தப் பெயர் வந்ததே, இந்தச் சாற்றைக் குடித்துச் சித்தம் கலங்கியதால்தான் என்று ஒரு செய்தி உண்டு. குடித்தது அவரல்ல, அவருடைய பாட்டனார் என்பாரும் உண்டு. எப்படியிருந்தாலும், தேர்வுக் காலத்தில் நினைவாற்றல் சூரணம் விற்க மத்ரஸா வாசலுக்கு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தச் செய்தி நினைவுக்கு வருவதுண்டு.

கேள்வித்தாளும் எழுத்தறியாத பாட்டியும்

1901இல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் மனநல விடுதியில் அகஸ்டே டேட்டர் என்ற ஐம்பத்தொரு வயதுப் பெண்ணை அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் பரிசோதித்தார். 1906இல் அவர் இறந்ததும் மூளையை ஆராய்ந்து, அதில் கண்ட படிவுகளையும் முடிச்சுகளையும் அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் விளக்கினார். 1910இல் க்ரேப்பலின் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமர் என்று பெயரிட்டார். வயது முதிராதவரிடமும் கண்டதால்தான் அது தனி நோயாகத் தெரிந்தது. முதியவர்களிடம் கண்டதை உலகம் நெடுங்காலம் வயதின் கணக்கிலேயே எழுதிவந்தது.

1975இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மெக்ஹியூவும் முப்பது மதிப்பெண் கொண்ட சிறிய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். இன்று என்ன தேதி, இது எந்த ஊர், மூன்று சொற்களைச் சொல்கிறேன் திருப்பிச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள், இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள். பத்து நிமிடத்தில் முடியும். உலகெங்கும் பரவியது. ஆனால் அன்னூர்ப் பக்கம் தோட்டத்தில் எழுபது ஆண்டு உழைத்த, பென்சிலைப் பிடித்தறியாத ஒரு மூதாட்டியிடம் இதைக் கொடுத்தால் என்னவாகும்? நோயில்லாமலேயே தோற்றுப்போவார். பேத்தியின் திருமணச் செலவைக் காசு பிசகாமல் சொல்லக்கூடியவர், வாக்கியம் எழுதச் சொன்னால் மதிப்பெண் இழப்பார்.

இந்தச் சிக்கலை இந்தியாவில் முதலில் விரிவாக எதிர்கொண்டது ஹரியானாவின் பல்லப்கட்டில் நடந்த இந்திய அமெரிக்கக் கூட்டு ஆய்வு. மேரி கங்குலியும் குழுவினரும் எழுத்தறியாதோருக்காக அந்தச் சோதனையை 1995இல் ஹிந்தியில் மறுவடிவம் செய்தார்கள். எழுதுவதற்குப் பதிலாகத் தம் வீட்டைப் பற்றி வாயால் ஏதேனும் சொன்னால் போதும் என்பது போன்ற மாற்றங்கள் அதில் இருந்தன. 1998இல் முடிவு வந்தபோது, அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரில் 1.36 விழுக்காட்டினருக்கே டிமென்ஷியா என்று தெரிந்தது. உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. ஏறத்தாழ அதே காலத்தில், 1997இல், சென்னையை அடுத்த திருப்போரூரில் எஸ். ராஜ்குமார், ஆர். தாரா முதலியோர் செய்த ஆய்வில் அறுபது வயதைக் கடந்தோரில் 3.5 விழுக்காடு என்று வந்தது.

நம் தமிழகத்துக்கு இதில் முன்வரலாறு ஒன்றுண்டு. 1978இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனி வெளிநோயாளர் பிரிவைப் பேராசிரியர் வி.எஸ். நடராஜன் தொடங்கியிருந்தார். முதியோரின் நோயை முதுமையிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இங்கே புதிதன்று. அது கிராமத்துக்குச் செல்லத்தான் காலமெடுத்தது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால்

கோவைக்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் என்றால் காற்றும் மழைச்சாரலும்தான் நினைவுக்கு வரும். இந்த வரலாற்றில் அந்த வழியாக வந்தது வேறொன்று. 1992இல் திருச்சூர் மாவட்டத்துக் குன்னங்குளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் அல்சைமர் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்குமான இந்தியச் சங்கத்தைத் தொடங்கினார். 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் ஒரு குழுவை அமைத்து அதற்கு '10/66' என்று பெயரிட்டார்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள். மக்களிடையே நடக்கும் ஆய்வுகளிலோ 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதன்று. அந்த அநீதியையே பெயராக வைத்துக்கொண்டார்கள். லண்டனின் மார்ட்டின் பிரின்ஸ் அதன் தலைமையில் இருந்தார்.

அவர்களின் முதற்பணி, படிக்காதவரைத் தண்டிக்காத ஒரு சோதனை. இந்தியா, சீனா, தென்கிழக்கு ஆசியா, லத்தீன் அமெரிக்கா, கரீபியன், ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் 25 மையங்களில் 2,885 முதியவர்களை நேர்கண்டார்கள். டிமென்ஷியா உள்ளவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள், நோயில்லாத படித்தவர்கள், நோயில்லாத படிக்காதவர்கள் என நான்கு பிரிவினர். முதியவரிடம் மட்டும் கேட்டு முடிவுசெய்யாமல், அவரை அன்றாடம் பார்க்கும் வீட்டார் ஒருவரிடமும் தனியே கேட்டார்கள். பொருள்களை வைத்த இடம் மறக்கிறாரா? பழகிய தெருவில் வழி தவறுகிறாரா? முன்பு செய்த வேலையை இப்போது செய்ய இயலாமல் நிற்கிறாரா? மூன்று கருவிகளை இணைத்து அவர்கள் உருவாக்கிய முறை, டிமென்ஷியா உள்ளவர்களில் 94 விழுக்காட்டினரைச் சரியாகக் கண்டது. படிக்காத நலமானவர்களில் 6 விழுக்காட்டினரையே தவறாகச் சந்தேகித்தது. 2003இல் லான்செட் இதழில் அது வெளிவந்தது. அறிவிப்பாளரைச் சோதிப்பதோடு அவருடைய மாணவரிடமும் விசாரிப்பது ஹதீஸ் கலைஞர்களின் வழக்கம். இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் பழகிய வழியாக இருக்கிறது.

அடுத்த கட்டம்தான் நமக்கு மிக நெருக்கமானது. சென்னை நகரிலும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி பல்லாண்டுகளாகப் பணிசெய்யும் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களிலும் தலா ஏறத்தாழ ஆயிரம் முதியவர்களை வீடு வீடாகச் சென்று பார்த்தார்கள். வேலூரில் டாக்டர் கே.எஸ். ஜேக்கப் பொறுப்பேற்றிருந்தார். வயதுச் சான்று இல்லாதவர்களின் வயதை எப்படிக் கணக்கிடுவது? ஊரறிந்த நிகழ்ச்சிகளைக் கொண்டுதான்: இது நடந்தபோது உங்களுக்குத் திருமணம் ஆகியிருந்ததா, அது நடந்தபோது கைப்பிள்ளையா? பஸராவின் எழுச்சியைக் கொண்டு ஸயீதின் மறதியைக் கணக்கிட்ட முறை, கணியம்பாடித் திண்ணைகளிலும் வேலைசெய்தது.

2008இல் ஏழு நாடுகளின் 11 இடங்களில் 14,960 முதியவர்களைப் பற்றிய முடிவு வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம். 4 வரையறையின்படி பார்த்தால் கியூபாவில் 6.3 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா. இந்தியக் கிராமத்தில், அதாவது நம் வேலூர் வட்டாரத்தில், 0.3 விழுக்காடு மட்டுமே. அதே மக்களை 10/66 முறையில் கணக்கிட்டால் ஏறத்தாழ பத்து விழுக்காடு.

ஒரே ஊர், ஒரே முதியவர்கள். ஒரு கணக்கில் ஆயிரத்துக்கு மூவர். மற்றொரு கணக்கில் நூறு பேர். ஏன்?

டி.எஸ்.எம். வரையறைப்படி நினைவு குறைந்தால் மட்டும் போதாது. அதனால் அன்றாட வாழ்வு பாதிக்கப்பட்டதாகவும் தெரியவேண்டும். அதைச் சொல்லவேண்டியவர்கள் வீட்டார். நம் வீட்டாரோ சொல்வதில்லை. கூட்டுக்குடும்பத்தில் முதியவர் கடைக்குப் போக வேண்டியதில்லை. பணத்தை எண்ண வேண்டியதில்லை. சோறு தட்டில் வந்துவிடும். அவர் தடுமாறுவதற்கு வாய்ப்பே குறைவு. தடுமாறினாலும், "இந்த வயதில் இது சகஜம்" என்று பதில். ஆய்வாளர் நோயைத் தேடி வாசலுக்கு வந்தார். நாம் அதை அன்பினாலும் அலட்சியத்தினாலும் மூடிவைத்தோம். எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

10/66 முறை இல்லாத நோயை இருப்பதாகக் காட்டுகிறது என்று ஐயுற்றவர்கள் இருந்தார்கள். நியாயமான ஐயமே. அதற்குப் பதில் சென்னையிலிருந்து வந்தது. முதற்கணக்கெடுப்பில் டிமென்ஷியா என்று குறிக்கப்பட்டவர்களை மூன்றாண்டு கழித்து மீண்டும் தேடிச் சென்றார்கள். மற்றவர்களைவிட அவர்களில் இறந்தவர்கள் அதிகம். உயிரோடிருந்தவர்களின் நிலை மேலும் மோசமாகி, பிறர் உதவி தேவைப்படுவதும் கூடியிருந்தது. 2010இல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகு, "வயசாயிருச்சு" என்பதை விடையாக ஏற்க முடியாது.

யார் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு ஊருக்கும் நரம்பியல் மருத்துவர் வரமாட்டார். திருச்சூரில் டாக்டர் கே.எஸ். ஷாஜியும் குழுவினரும் ஒரு முயற்சி செய்தார்கள். உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சில மணி நேரப் பயிற்சி மட்டும் கொடுத்து, தங்கள் பகுதியில் இந்நோய் இருக்கக்கூடியவர்களைக் குறித்துத் தரச் சொன்னார்கள். பின்னர் மருத்துவர் சென்று பார்த்தபோது, குறிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு உண்மையிலேயே நோய் இருந்தது. சில மணி நேரப் பயிற்சிக்கு இது பெரிய பலன். தெருவை அறிந்த பெண்ணின் கண்ணுக்கு ஈடான கருவி இல்லை. இன்று தமிழகத்தில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் அமரும் அதே திண்ணையில், மறதியைப் பற்றிய நான்கு கேள்விகளையும் நாமாகவே முன்வந்து பேசலாம். அவ்விரண்டு நோய்களும் கட்டுக்குள் இல்லாவிட்டால் டிமென்ஷியாவின் வாய்ப்பும் கூடுகிறது என்பது இன்று தெளிவாகியிருக்கிறது.

காது கேளாமையும் அப்படிப்பட்ட ஒரு காரணி. இதை எழுதும்போது சோமனூரும் பல்லடமும் என் கண்முன் வருகின்றன. விசைத்தறிக் கூடத்தில் நாற்பதாண்டு நின்றவருக்குக் காது மந்தமாவது நம் பகுதியில் செய்தியே அல்ல. காதுக்குக் கருவி வாங்கித் தரும் பிள்ளை, தந்தையின் மூளைக்கும் ஓர் உதவி செய்கிறார் என்பதைத் தறிக்காரக் குடும்பங்களில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மகிழ்ச்சியான ஒரு செய்தியும் உண்டு. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு அது. ஒரு மொழி மட்டும் பேசுவோரைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோரிடம் நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகவே தலைகாட்டியது. எழுத்தறியாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. மொழி நோயைத் தடுக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் வீட்டில் உருது, கடையில் தமிழ், சம்பந்தி வீட்டில் மலையாளம் என்று வாழும் கோட்டைமேட்டுக்காரர்கள் இதைக் கேட்டால் புன்னகைப்பார்கள். தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் கொங்குச் சகோதர சமுதாயத்தாருக்கும் இது பொருந்தும்.

மருந்தைப் பொறுத்தவரை வரலாறு சுருக்கமானது. 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோனபிசில், பின்னர் வந்த மெமன்டின் முதலியவை நோயைக் குணமாக்குவதில்லை. சிலருக்குச் சில காலம் நிலையைத் தாங்கிப்பிடிக்கின்றன. மூளைப் படிவுகளை நீக்கும் லெக்கனமாப் 2023இல் அங்கே முழு அனுமதி பெற்றது. அது தொடக்கநிலை அல்சைமருக்கு மட்டும், அதுவும் தொடர் ஸ்கேன் கண்காணிப்போடு. ஆனால் நம் வீட்டார் அறியவேண்டியது இதற்கு முந்தைய படி. மறதியோடு வருபவர் எல்லோருக்கும் அல்சைமர் இல்லை. தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டுத் தேங்கிய இரத்தம் ஆகியவையும் மறதியாகவே தோன்றும். இவற்றில் பலவும் சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. "வயசாயிருச்சு" என்ற சொல் இவர்களையும் சேர்த்தே புதைத்துவிடுகிறது.

மருந்தில்லாத சிகிச்சைக்கும் சான்று இருக்கிறது. கோவாவில் அமித் டயஸ் குழுவினர் 81 குடும்பங்களிடையே செய்த ஆய்வு 2008இல் வந்தது. உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வீட்டுக்குச் சென்று நோயை விளக்கி, பராமரிப்பவருக்கு வழிகாட்டினார்கள். பராமரிப்பவர்களின் மனநலம் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. நம் வீடுகளில் அந்தப் பராமரிப்பவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் மருமகள், அவருக்கு இந்த நோயின் பெயர்கூடச் சொல்லப்பட்டிருக்காது.

2023இல் வெளியான அகில இந்திய ஆய்வு, அறுபது வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். இதற்கிடையே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்திய மொழிகளுக்கெனச் சோதனைத் தொகுப்பு ஒன்றை உருவாக்கியது. முதலில் வந்த ஐந்து மொழிகள் ஹிந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். தமிழ் அந்த ஐந்தில் இல்லை. கணியம்பாடியும் திருப்போரூரும் இருக்கும் மாநிலத்தின் மொழி இல்லாதது எனக்கு வருத்தமளிக்கிறது.

ஜமாஅத்தில் வரும் ஒரு வழக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒரு மகனுக்கு வீட்டை ஹிபாவாக எழுதிக்கொடுத்திருப்பார். மற்ற பிள்ளைகள், "அத்தாவுக்கு அப்போதே நினைவில்லை" என்பார்கள். எழுதி வாங்கியவர், "நன்றாகத்தான் இருந்தார்" என்பார். அறிவு குழம்பியவரின் கொடுக்கல் வாங்கல் பற்றி ஃபிக்ஹு நூல்களில் விரிவான சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் தேதியைக் கேட்கும். தேதியைச் சொல்ல அந்தக் குடும்பத்தில் எவரும் இருக்கமாட்டார். ஏனெனில் அன்று எவரும் அதை நோய் என்று எண்ணவில்லை.

எங்கள் ஹஜ்ரத்தின் மகன் 2010இல் அவர்களைக் கோவையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எப்போது ஆரம்பித்தது?" என்பதுதான். மகன் வெளியூரில் தொழில் செய்பவர். வீட்டில் இருந்த பெண்களோ ஆளுக்கொரு காலத்தைச் சொன்னார்கள். அவர் எனக்குத் தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் கூடவே இருந்தீர்களே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அலமாரியிலிருந்து பழைய பாடப் பதிவேட்டை எடுத்தேன். எந்த நாளில் எந்தக் கிதாபில் எந்தப் பக்கம் நடந்தது என்று உஸ்தாதுமார் எழுதிவைக்கும் ஏடு அது. ஹிஜ்ரி 1428, ரபீஉல் ஆகிர் மாதத்தில் ஒரே பக்க எண் நான்கு முறை பதிவாகியிருந்தது. முதல் மூன்றும் ஹஜ்ரத்தின் கையெழுத்து. வரிசை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிந்திருந்தது. நான்காவதை எழுதியது நான். பக்க எண்ணுக்கு எதிரே ஒரு சிறிய கேள்விக்குறியும் போட்டிருந்தேன்.

அந்தத் தேதியை அவருடைய மகனுக்குச் சொன்னேன்.